அட்டையில் நிற்பவர் உள்ளே எங்கே? வரைந்த காமிக்ஸ் அட்டைகளைப் பார்த்துப் பழக ஒரு வழிகாட்டி

மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடைபாதைக் கடையில் வாங்கிய கௌபாய் காமிக்ஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. முதல் நாலு பக்கம் இல்லை. தலைப்பில் பாதி கிழிந்துவிட்டது. அட்டை ஓவியம் மட்டும் தப்பித்திருக்கிறது. செக்கச் செவேலென்ற வானம். பாறை விளிம்பில் ஒருவன் நம்மைப் பார்த்து நிற்கிறான். இடது கையில் துப்பாக்கி, தோளில் ரத்தம். கீழே பள்ளத்தாக்கில் மூன்று குதிரைக்காரர்கள் எறும்பு மாதிரித் தெரிகிறார்கள்.

இந்தக் காட்சி எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கதை முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. மறுநாள் திரும்பப் புரட்டியபோது 47ஆம் பக்கத்தில், கீழ்வரிசையில், தீப்பெட்டி அளவுப் பேனல் (பக்கத்தில் கோடு கட்டிய ஒரு தனிப் படம்) ஒன்றில் ஆள் அகப்பட்டார். அங்கே அவர் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். இரவு நேரம். தோளில் காயம் கிடையாது. அது 52ஆம் பக்கத்தில்தான் படுகிறது. பள்ளத்தாக்கில் குதிரைக்காரர்களும் இல்லை, ஓர் ஓடையும் நாலு கள்ளிச் செடியும்தான். துப்பாக்கி வலது கையில் இருக்கிறது.

அட்டையில் ஏன் இடது கை? அந்த ஒரு கேள்விதான் என்னை அட்டைகளின் பக்கம் இழுத்து வந்தது. பதிலைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். முத்து, லயன், ராணி காமிக்ஸ் என்று வீட்டுப் பரணில் பத்து இதழ் வைத்திருப்பவர்களும், இப்போதுதான் பழைய இதழ்களைத் தேடி வாங்கத் தொடங்கியிருப்பவர்களும் அட்டை ஓவியத்தை எப்படி உட்கார்ந்து பார்ப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை. ஓவியம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

டிரேசிங் பேப்பர் நாலு தாள், 2பி பென்சில், அடி ஸ்கேல், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு நோட்டு. இவ்வளவு போதும். செல்போன் கேமரா இருந்தால் வேலை எளிது.

இதழின் மேல் நேரடியாக எதையும் வரையாதீர்கள். டிரேசிங் பேப்பரை அட்டையின் மேல் வைத்து அழுத்தி வரைந்தாலும் பழைய அட்டையில் தடம் பதிந்துவிடும். அட்டையை மேஜையில் வைத்து நேர் மேலிருந்து போட்டோ எடுத்து, அதைப் பிரிண்ட் போட்டு, அந்தப் பிரிண்டின் மேல் வேலை செய்யுங்கள். அட்டை கிழிந்திருந்தால் செலோ டேப் ஒட்டவே கூடாது. பள்ளிக்கூடம் படிக்கும்போது பாசத்தில் நான் ஒட்டிய டேப் எல்லாம் இன்று தேன் நிறத்தில் காய்ந்து, உரித்தால் பெயிண்டிங்கின் மேல்தோலையும் சேர்த்து உரிக்கிறது. ஒரு இதழில் இரும்புக்கை மாயாவியின் முகமே அப்படித்தான் போனது.

புத்தகத்தைத் திறக்காமல் ஐந்து நிமிடம்

அட்டையை மட்டும் பாருங்கள். மூன்று விஷயங்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? முதலில் கண் போய் நிற்கும் இடம் எது? எந்த இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது?

மூன்றாவது கேள்வியை லேசாக விட்டுவிடாதீர்கள். அட்டைக்கு வரைபவர் வெறும் படம் வரைவதில்லை. மேலே இதழின் பெயர் வரும், அதன் கீழே கதையின் தலைப்பு வரும், ஒரு மூலையில் விலை வரும். அதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் ஆளை நிறுத்த வேண்டும். என் கௌபாய் அட்டையில் வானம் அவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் அந்தி அழகு மட்டுமல்ல, அங்கே எழுத்து உட்கார வேண்டும். உள்ளே பேனலில் அவர் தலை மேல்கோட்டை இடித்துக்கொண்டு நிற்கிறது. அட்டைக்கு வந்ததும் ஓவியர் ஆளைக் கீழே இறக்கி, தலைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கை வானத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இப்போது உள்ளே தேடுங்கள்

புதிதாகப் பார்ப்பவர்கள் செய்யும் தவறு, காட்சியைத் தேடுவது. அட்டையில் புலி பாய்கிறது என்றால் கதையில் புலி வரும் பக்கத்தைத் தேடுவார்கள். புலி வேறு பக்கத்திலிருந்து வந்திருக்கலாம், ஆள் வேறு பக்கத்திலிருந்து வந்திருக்கலாம். நீங்கள் தேட வேண்டியது உடம்பின் நிலையை. கை எந்தக் கோணத்தில் மடங்குகிறது, இடுப்பு எப்படித் திரும்புகிறது, கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பாருங்கள். உடை மாறும், பின்னணி மாறும், நேரம் மாறும். நின்ற நிலை பெரும்பாலும் மாறாது.

சந்தேகப்படும் பேனல் கிடைத்ததும் கட்டம் போட்டுப் பாருங்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமா. மதுரையில் சினிமா பேனர் வரைந்தவர். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலையே துடைத்துப் போடும் வரை வரைந்தார். தயாரிப்பாளர் தரப்பிலிருந்து வரும் ஸ்டில், அதாவது படக்காட்சியின் போட்டோ, போஸ்ட்கார்டு அளவுதான் இருக்கும். அதன் மேல் பென்சிலில் சின்னச் சின்னக் கட்டம் போடுவார். பெரிய துணியில் சாக்பீஸ் தடவிய நூலை இழுத்துத் தட்டி, அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போடுவார். ஸ்டில்லில் மூன்றாம் கட்டத்தில் மூக்கு நுனி இருந்தால் துணியிலும் மூன்றாம் கட்டத்தில் மூக்கு நுனி.

நாம் அதையே தலைகீழாகச் செய்யப் போகிறோம். பேனலையும் போட்டோ எடுத்துப் பிரிண்ட் போட்டு, அதன் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து ஆளை நகல் எடுங்கள். அதில் ஆள் மட்டும் அடங்கும்படி ஒரு செவ்வகம் வரைந்து, அகலத்துக்கு நாலு, உயரத்துக்கு ஆறு என்று பிரியுங்கள். அட்டைப் பிரிண்டிலும் அதே ஆளைச் சுற்றி அதே நாலுக்கு ஆறு. தலை, முழங்கை, முழங்கால், காலணி நுனி ஆகியவை எந்தெந்தக் கட்டத்தில் விழுகின்றன என்று ஒப்பிடுங்கள். நாலில் மூன்று ஒத்துப்போனால் மூலத்தைப் பிடித்துவிட்டீர்கள் என்று தைரியமாக எழுதிக்கொள்ளலாம். ஒத்துப்போகாவிட்டால் டிரேசிங் பேப்பரைப் புரட்டிப் போட்டு இன்னொரு முறை பாருங்கள். எழுத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காகப் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி வரைவது அட்டைகளில் சகஜம்.

என் கௌபாய் எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான். நாலும் ஒத்துப்போயின. தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை வெளிக்கோடு கச்சிதமாக அதேதான். ஆனால் உள்ளே இருந்தது முதுகு, அட்டையில் இருப்பது நெஞ்சு. ஓவியர் வெளிக்கோட்டை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே முகத்தையும் சட்டைப் பொத்தானையும் வரைந்து ஆளை நம் பக்கம் திருப்பிவிட்டார். வலது கை இடது கையானது அதனால்தான். அட்டையில் முகம் தெரிந்தாக வேண்டும் என்று அவர் முடிவு செய்திருக்கிறார். கதை ஓவியருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அவருக்கு முன்னும் பின்னும் முகம் காட்டும் பேனல்கள் எத்தனையோ இருக்கின்றன.

மூலத்தின் வடிவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழில் நாம் படித்த கதைகள் பல, முதலில் வேறு வடிவத்தில் வந்தவை. ரிப் கிர்பி என்ற துப்பறியும் கதை 1946இல் செய்தித்தாள் தொடராகத் தொடங்கியது. ஜேம்ஸ் பாண்ட் படக்கதை 1958இல் லண்டன் செய்தித்தாளில் தொடங்கியது. மாடஸ்டி பிளைஸி என்ற சாகச நாயகியின் கதை 1963இல். இவையெல்லாம் நாளுக்கு ஒரு பட்டை, அதில் இரண்டு மூன்று பேனல்கள் படுக்கை வசத்தில். 1984இல் லயன் காமிக்ஸ் மாடஸ்டியோடும் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டோடும் தொடங்கியபோது அந்தப் பட்டைகளைப் பக்கமாக அடுக்கினால் கதை வந்துவிட்டது. அட்டை வராது. நெட்டுக்குத்தான ஓர் அட்டைக்குப் பொருந்தும் பேனல் அந்தப் பட்டைக்குள் அநேகமாகக் கிடையாது. இடுப்பு வரைக்கும்தான் ஆள் இருப்பார். காலை அட்டை ஓவியர்தான் கொடுக்க வேண்டும். ஆகவே செய்தித்தாள் தொடர் என்றால் இடுப்புக்குக் கீழே உற்றுப் பாருங்கள். அட்டை ஓவியரின் சொந்தக் கை அங்கேதான் அதிகம் தெரியும்.

மாயமாகிப் போனவரை எப்படி வரைவது

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாக வந்தது இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்தில் 1962இல் தொடங்கிய தொடர். ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. நாயகன் லூயிஸ் கிராண்டேல் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். அது உங்களுக்கும் தெரிந்த கதைதான். அட்டை ஓவியரின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நிமிடம் யோசியுங்கள். கதையின் ரொம்பப் பரபரப்பான பக்கங்களில் நாயகன் கண்ணுக்கே தெரியமாட்டார். கறுப்பு வெள்ளைப் பேனலில் அந்தரத்தில் ஒரு கை துப்பாக்கி பிடித்திருந்தால் போதும், மிச்சத்தை முந்தைய பேனல் சொல்லிவிடும். அட்டைக்கு முந்தைய பேனல் என்று ஒன்று இல்லையே!

ஓவியருக்கு இருக்கும் வழிகள் சில. முழு ஆளையும் வரைந்து கையை மட்டும் நம் முகத்துக்கு நேரே நீட்ட வைக்கலாம். மறையும் தருணத்தைப் பிடித்து, பாதி உடம்பைப் புகை மாதிரிக் கரைக்கலாம். கையை மட்டும் வரைந்து, அதைப் பார்த்து மிரளும் எதிரியின் முகத்தைப் பெரிதாக்கலாம். மாயாவி அட்டை எது கிடைத்தாலும் இதில் எந்த வழி என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கரைந்துபோகும் உடம்பை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோட்டில் அதைக் காட்டுவது கஷ்டம், வண்ணத்தில் காட்டலாம். பிளாஸ்கோவின் நிழல் அடர்ந்த கோடுகளின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் பெயிண்டிங் உள்பக்கத்தை மிஞ்சுகிற இடம் என்று நான் நம்புவது இதுதான்.

வண்ணம் யாருடையது?

உள்ளே கறுப்பு வெள்ளை என்றால் அட்டையின் ஒவ்வொரு நிறமும் யாரோ ஒருவர் எடுத்த முடிவு. ஆங்கிலத்தில் ஃபேண்டம் எனப்படும் வேதாளரைப் பாருங்கள். 1936இல் செய்தித்தாளில் கறுப்பு வெள்ளையில் தொடங்கினார். கதாசிரியர் லீ ஃபாக் மனதில் இருந்த உடை சாம்பல் நிறம். 1939இல் ஞாயிறு வண்ணப் பக்கம் வந்தபோது அது ஊதா ஆனது. இத்தாலியில் சிவப்பு, சுவீடனில் நீலம் என்று ஊருக்கு ஒரு நிறம். ஆகவே அட்டையில் ஒரு நிறம் விசித்திரமாக இருந்தால் தப்பு என்று ஒதுக்காதீர்கள். அந்த ஓவியரின் மேஜையில் எந்த நாட்டுப் பிரதி இருந்திருக்கும் என்பதற்கு அது ஒரு தடயமாக இருக்கலாம்.

நிறத்தோடு வெளிச்சத்தையும் சேர்த்துப் பாருங்கள். மாமாவின் பேனர்களில் நாயகன் முகத்தின் ஒரு பாதி ரோஸ், மறுபாதி பச்சை. சின்ன வயதில் அவரிடம் கேட்டேன், “ஸ்டில்லுல இப்படி இல்லையே மாமா?”

“ஸ்டில்ல கையில வச்சுப் பாக்குற மாப்ள. பேனர ஓடுற பஸ்ல இருந்துல்ல பாக்குறாங்க? ரெண்டு பக்கமும் வேற வேற வெளிச்சம் அடிச்சாத்தான் மூக்கு எந்திரிச்சு நிக்கும்.”

காமிக்ஸ் அட்டையும் அப்படித்தான். அந்தக் காலத்தில் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கியபோது தெருவின் எதிர்ப்பக்கம் வரை தெரிய வேண்டியிருந்தது. உள்ளே ஒரே விளக்கு எரியும் காட்சிக்கு அட்டையில் இரண்டு வெளிச்சம் இருக்கும்: முன்னாலிருந்து ஒன்று மஞ்சளாக, பின்னாலிருந்து ஒன்று நீலமாக. அந்த இரண்டாவது வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் படத்துக்குள் அதற்குக் காரணமே இருக்காது.

இந்தப் பக்கத்து ஓவியங்களில் அந்த ஒளி பழகிப்போன ஒன்று. மதுரையிலிருந்து திருமங்கலம், விருதுநகர் தாண்டினால் சிவகாசி. அதற்கும் தெற்கே கோவில்பட்டி. கோவில்பட்டியில் இருந்த சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி நம் வீட்டுச் சுவருக்கெல்லாம் காலண்டராக வந்தன. கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். முருகன் பின்னால் தகதகக்கும் அந்த வெளிச்சத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, கௌபாய் பின்னால் அதே வெளிச்சம் தெரிந்தால் சட்டென்று பிடிபடும். வெளிநாட்டு மூல அட்டையோடு நம் ஊர் அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்.

உள்ளே இல்லை என்றால் வெளியே

சில அட்டைகளுக்கு மூலம் கதைக்குள் இருக்கவே இருக்காது. அப்போது முந்தைய இரண்டு மூன்று இதழ்களை எடுத்து ‘அடுத்த வெளியீடு’, ‘விரைவில்’ விளம்பரங்களைப் பாருங்கள். விளம்பரத்துக்கு ஒரு கோட்டோவியம் வந்திருக்கும். பிறகு வரும் அட்டை அதையே வண்ணத்தில் விரித்திருக்கும். சில நேரம் விளம்பரத்தில் இருந்த வில்லன் அட்டைக்கு வரும்போது காணாமல் போயிருப்பார்.

அடுத்து, வெளிநாட்டு மூல அட்டை. உள் ஓவியரும் அட்டை ஓவியரும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரை எடுத்துக்கொள்ளுங்கள். 1948இல் இத்தாலியில் தொடங்கியது. 1994இல் இறக்கும் வரை மாதாந்திர இதழின் அட்டைகளை வரைந்தவர் அவுரேலியோ கல்லெப்பினி. அவருக்குப் பின் கிளாடியோ வில்லா. உள்ளே கதைக்குக் கதை வெவ்வேறு ஓவியர்கள். அட்டையில் ஒரு டெக்ஸ், உள்ளே வேறு தாடையோடு ஒரு டெக்ஸ் என்று குழம்பியவர்களுக்கு இதுதான் விளக்கம். அமெரிக்காவில் கிளாசிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் வரிசை 1951இல் கோட்டோவிய அட்டையிலிருந்து பெயிண்டிங் அட்டைக்கு மாறியது. பழைய இலக்கியக் கதைகளை மறுபதிப்பு செய்தபோது உள் பக்கங்களை வைத்துக்கொண்டு அட்டையைப் புதிதாக வரைய வைத்தார்கள். ஒரே கதைக்கு இரண்டு அட்டை கிடைத்தால் பயிற்சிக்கு அதைவிட நல்லது வேறில்லை. எந்தக் காட்சியைக் கைவிட்டு எதைத் தேர்ந்தார்கள் என்று ஒப்பிடலாம்.

மூன்றாவது வகை, போட்டோவிலிருந்து வருவது. 1967இல் கோல்டு கீ நிறுவனம் ஸ்டார் டிரெக் காமிக்ஸ் தொடங்கியபோது அட்டைகளில் போட்டோ இருந்தது, பிறகுதான் பெயிண்டிங் அட்டைக்குப் போனார்கள். உள்ளே வரைந்த இத்தாலிய ஓவியர்கள் அந்தத் தொலைக்காட்சித் தொடரையே பார்த்திருக்கவில்லை. விளம்பர போட்டோக்களை வைத்து வரைந்தார்கள். அதைப் படித்தபோது மாமாவின் பட்டறைதான் நினைவுக்கு வந்தது. அவரும் படம் ரிலீஸ் ஆவதற்கு முன்பே, அது சோகப் படமா சண்டைப் படமா என்றுகூடத் தெரியாமல், ஸ்டில்லை மட்டும் வைத்துக்கொண்டு நாற்பது அடிக்கு வரைந்தவர். போட்டோவிலிருந்து வந்த அட்டையைக் கண்டுபிடிப்பது சுலபம். முகம் நடிகர் சாயலில் துல்லியமாக இருக்கும், கழுத்துக்குக் கீழே உடம்பு வேறு யாருடையதோ போல விறைப்பாக நிற்கும்.

பூதக்கண்ணாடி

அச்சை வைத்து ஓவியத்தைத் தப்பாக எடை போடாமல் இருக்கத்தான் இது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் வண்ணம் எல்லாம் நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகப் பிரியும். புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காராமல் விலகியிருந்தால் முகம் மங்கித் தெரியும். அது ஓவியரின் குற்றமல்ல, மெஷினில் ரிஜிஸ்டர் விலகியது. அதேபோல ஓரம் வெட்டும்போது கை கால் போயிருக்கும். கீழ் மூலையில் பாதி எழுத்து தெரிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது கையெழுத்தாக இருக்கலாம்.

நீங்களே ஒன்று வரைந்து பாருங்கள்

இவ்வளவும் பார்த்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். பிடித்த கதையிலிருந்து ஒரு பேனலை எடுங்கள். சண்டை நடக்கும் பேனல் வேண்டாம், அதற்கு ஒரு பேனல் முந்தியது. குத்து விழுவதை விட, குத்து விழப்போவதுதான் அட்டையில் நிற்கும். கட்டம் போட்டு ஏ4 தாளுக்குப் பெரிதாக்குங்கள். மேலே மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். பேனலில் இல்லாத ஒரு பொருளைச் சேருங்கள், இருப்பதில் இரண்டை எடுத்துவிடுங்கள். போஸ்டர் கலரில் முதலில் பின்னணி, அப்புறம் இருட்டு, கடைசியில் வெளிச்சம். வெள்ளையைக் கடைசி வரை தொடாதீர்கள். முடித்ததும் சுவரில் சாய்த்து வைத்து, அறையின் மறுகோடிக்குப் போய் நின்று பாருங்கள். ஆள் தெரிகிறாரா, முதலில் கண் எங்கே போகிறது? என் முதல் முயற்சியில் பாறைதான் தெரிந்தது, ஆளைக் காணோம். பாறைக்கு அடர் ஊதா கொடுத்த பிறகுதான் அவர் வெளியே வந்தார்.

நோட்டில் ஒரு பக்கம் ஓர் அட்டைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதழ், வெளியான மாதம், மூலப் பேனலின் பக்க எண், எது மாறியது, எது கூடியது, வெளிச்சம் எந்தப் பக்கம். கடைசி வரி ஓவியர் பெயருக்கு. பழைய இதழ்களில் அந்த வரி பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். மதுரை தமுக்கம் மைதானப் புத்தகத் திருவிழாவில் நரைத்த தலையோடு காமிக்ஸ் ஸ்டாலில் நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஓவியரைத் தெரிந்தவர்கள், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரஷ் கழுவியவர்கள் யாராவது இருப்பார்கள். என் நோட்டில் 23 பக்கம் நிரம்பியிருக்கிறது, கடைசி வரி நிரம்பியது ஆறில்தான். கௌபாய் அட்டையின் கீழ் மூலையில் ‘ம’ என்று ஓர் எழுத்தும், அதற்கடுத்து வெட்டுப்பட்ட ஒரு கோடும் இருக்கின்றன. இதே அட்டை ஓரம் வெட்டுப்படாமல் யாரிடமாவது இருந்தால் அந்த மூலையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.